முதலாளியின் மணிக்கட்டு

எங்கள் தெருவில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "தொளதொளா டெய்லர் வீடு எது?" என்று கேட்டால் போதும், கேட்டவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். பட்டம் கொடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பொய்யான பட்டமாக இருந்தால் கோபப்படலாம்.

நான் தைக்கும் சட்டை யார் உடம்பையும் தொடாது. மனிதன் என்றால் குனிவான், நிமிர்வான், வயிறு நிறையச் சாப்பிடுவான், ஆத்திரம் வந்தால் நெஞ்சு விம்மும். கடவுள் கொடுத்த உடம்புக்கு அசைய இடம் விடாமல் தைப்பது பாவம் என்பது என் எண்ணம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவனுக்குப் பெரிய கொள்கைகள் ஏது? இருந்த ஒன்று இதுதான். அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாடிக்கையாளர்கள் என்னை விட்டுவிட்டு அடுத்த தெரு டெய்லரிடம் போய் நின்றார்கள்.

போக முடியாமல் மாட்டிக்கொண்டவள் என் மனைவி. "கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு ஜாக்கெட் தைச்சுக் குடுத்தீங்களே, அதுக்குள்ள நானும் என் தங்கச்சியும் சேர்ந்தே வந்திருக்கலாம்" என்பாள். அந்தத் தங்கச்சியும் இதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

தானாகவே என்னைத் தேடி வந்த ஒரே ஆள், ஊருக்கு வெளியே உள்ள காட்டு விலங்கு ஆஸ்பத்திரியில் கூண்டு கழுவுகிற பெரியவர். கூண்டுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நாள் முழுவதும் குந்தி உட்கார்ந்து தரை தேய்க்கிறவருக்கு என் கால்சட்டை தோதாக இருந்தது. ஒருநாள் வந்தவர் சொன்னார்:

"டெய்லரே, எங்க டாக்டரம்மாவுக்குப் பை தைக்க ஆள் வேணுமாம். காட்டுப்பூனையப் பிடிச்சுப் போடுற பை. எவ்வளவு தொளதொளன்னு இருக்கோ அவ்வளவு நல்லதாம். கேட்டவுடனே உன் முகம்தான் ஞாபகம் வந்துச்சு."

தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டரம்மா என்றால் என்னைவிட வயதில் சின்னவர்தான், கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். பையை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். "அருமை அண்ணே. உள்ள போட்டா மூச்சு முட்டாது" என்றார். தையல் பழகிய நாளிலிருந்து என் தொளதொளப்பை ஒருவர் பாராட்டியது அன்றுதான். திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கடவுளுக்கு நன்றி சொன்னேன். கொஞ்ச நாளிலேயே மிஷினைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

என் இடம் தீனி அறையின் மூலையில். ஒரு பக்கம் ஃப்ரீசர், மறுபக்கம் துணி துவைக்கிற மிஷின். நடுவில் நானும் என் தையல் மிஷினும். பை தைப்பேன், கிழிந்த வலையை ஒட்டுப்போடுவேன், ஆபரேஷன் துணிக்கு ஓரம் அடிப்பேன், மயக்கத்தில் கிடக்கும் பிராணியின் கண்ணில் விளக்கு வெளிச்சம் படாமல் இருக்கக் கண்மூடி தைப்பேன். கண்மூடியும் கொஞ்சம் தொளதொளப்பாகத்தான் வரும். நரிக்குத் தைத்ததை ஓநாய்க்கே போடலாம் என்று கூண்டுக்காரர் சொல்லுவார். அந்த ஆஸ்பத்திரியில் ஓநாயே கிடையாது.

என் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்த கூண்டில்தான் முதலாளி இருந்தான்.

முதலாளி என்றால் ஒரு காட்டுப்பூனைக் குட்டி. ஒரு சரக்குக் கிடங்கின் பின்னால் கிடந்தவனை அங்கே காவலுக்கு இருந்தவர் வீட்டில் எடுத்து, பாசமாகப் பாலும் பிஸ்கட்டும் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். பாசத்தில் குறையில்லை, எலும்பில்தான் குறை. இரையை எலும்போடு கடித்துத் தின்ன வேண்டிய சாதி அது. பிஸ்கட் தின்றால் எலும்பு எங்கிருந்து வரும்? இங்கே வந்தபோது முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்து, நடந்தால் படகு ஆடுவது போல இருக்கும். டாக்டரம்மா காடையும் எலியும் முழுசாகக் கொடுத்து, மருந்து கொடுத்து, மெல்ல மெல்லத் தேற்றினார். கால் நேராயிற்று. கால் நேரானதும் கர்வம் வந்தது. கூண்டின் உயரமான பலகையில் ஏறிப் படுத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, நான் தைப்பதை மேற்பார்வை பார்ப்பான். அப்படி வந்த பெயர்தான் முதலாளி. நான் ஜன்னலைத் திறந்தால் சீறுவான். சீறாத நாளில் எனக்குத் தையல் நேராக வராது.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் காட்டிலாகா வண்டி ஒன்று வரும். தேறிய பிராணிகளை ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டில் விடும். அந்த வண்டியில் முதலாளி ஏற வேண்டும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை, எலும்பு உறுதியாகிவிட்டது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த முறை தவறினால் அடுத்த முறைக்குள் முழுப் பூனையாகிவிடுவான். குட்டி என்றால் காட்டிலேயே வேட்டை பழகிக்கொள்ளும், ஆனால் வேட்டையாடத் தெரியாத, மனிதர் கையால் தீனி வாங்கிப் பழகிய முழுப் பூனையைக் காட்டில் விட முடியாது. பிறகு ஆயுள் முழுக்கக் கூண்டுதான்.

ஆயுள் முழுக்கக் கூண்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் கூண்டில் பெரியம்மா இருந்தாள். பல்லெல்லாம் தேய்ந்த கிழட்டுக் காட்டுப்பூனை. யாரோ வீட்டில் வைத்திருந்து வயதான பிறகு கொண்டுவந்து விட்டது. காலையில் எழுந்தால் கம்பி ஓரமாக நடப்பாள், மூலையில் திரும்புவாள், மறுபடி நடப்பாள். அந்த இடத்தில் மட்டும் தரை வழவழவென்று தேய்ந்திருக்கும். அவளைப் பார்க்கும்போதெல்லாம் நான் முதலாளிக்காக வேண்டிக்கொள்வேன்: கடவுளே, இவனை என் கண்ணிலேயே படாத இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு.

எலும்பு எப்படி வளர்கிறது என்று பார்க்க மாதாமாதம் அளவெடுப்பார்கள். மயக்க ஊசி போட்டு மேஜைமேல் படுக்க வைத்து, மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, பின்னங்காலில் முட்டியிலிருந்து குதிகால் வரை என்று ஒவ்வொன்றாக எடுப்பார்கள். இதைச் செய்துகொண்டிருந்த பெண் பிரசவத்துக்குப் போய்விட்டது. டாக்டரம்மா மயக்கத்தைப் பார்க்க வேண்டும், மூச்சை எண்ண வேண்டும். கூண்டுக்காரருக்குக் கண் மங்கல். டாக்டரம்மா சுற்றிப் பார்த்தார். என் கழுத்தில் டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, வாழ்க்கை முழுக்க அளவெடுத்தவர் நீங்க. உங்களை விட்டா யாரு?"

இந்த இடத்தில் நான் அடக்கமாக "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து உதறி, "எங்கேருந்து எங்கே வரைக்கும்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம், "இனிமே நான் சாதாரண டெய்லர் இல்ல, எலும்புக்கே அளவெடுக்கிற டெய்லர்" என்று சொன்னேன்.

"சட்டைதான் தொளதொளன்னு இருந்துச்சு. இனிமே பூனையோட எலும்பும் தொளதொளன்னு ஆகப்போகுது" என்றாள் அவள். மதிப்புத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.

முதல்நாளே தடுமாற்றம்தான். மயக்கத்தில் கிடந்த முதலாளியின் முழங்கையில் டேப்பை வைத்து, கணீரென்று "நாலேகால்!" என்றேன்.

டாக்டரம்மா நிமிர்ந்து, "என்ன நாலேகால்?" என்றார்.

"இஞ்சும்மா."

"சென்டிமீட்டர் அண்ணே. டேப்பைத் திருப்பிப் பாருங்க, பின்பக்கம் இருக்கும்."

திருப்பிப் பார்த்தேன். இருந்தது. இத்தனை வருஷம் கழுத்தில் போட்டிருந்த டேப்புக்குப் பின்பக்கம் ஒன்று இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்கு உறைத்தது. அடுத்து பின்னங்கால். "இவனுக்கு முட்டி பின்பக்கமா மடங்குதே, ஐயோ பாவம்" என்றேன். டாக்டரம்மா, "அது முட்டி இல்லண்ணே, குதிகால். பூனை எப்பவும் விரல் நுனியிலதான் நிக்கும். முட்டி மேலே, வயித்துப் பக்கத்துல ஒளிஞ்சிருக்கு பாருங்க" என்று என் விரலைப் பிடித்து அங்கே வைத்துக் காட்டினார். உள்ளே எலும்பு உருண்டது. குதிகாலைத் தரையில் வைக்காமலேயே ஒரு ஜீவன் ஆயுளைக் கழிக்கிறது. எனக்குப் புல்லரித்தது.

கடைசியில் மணிக்கட்டுச் சுற்றளவு. வளர்கிற குட்டிக்கு எலும்பு பலமில்லை என்றால் முதலில் வீங்குவது மணிக்கட்டுதான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் அதை மட்டும் ரொம்பக் கவனமாக எடுத்தேன். அளவைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் கை நின்றுவிட்டது.

"இன்னொரு கை?"

அதையும் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு முதலாளியின் மணிக்கட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"கைக்கு ஒண்ணும் தெரியலையே. ரோமம் வேற அடர்த்தியா இருக்கு. ஆனா போன மாசத்தைவிட ரெண்டுமே நல்லா கூடியிருக்கு. நீளம் சரியா இருக்கு, மணிக்கட்டு மட்டும் கூடுது." தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். "கைக்குத் தெரியறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கத்தானே அளக்கிறோம்."

"அப்படின்னா என்னம்மா?"

"பழைய நோய் திரும்புதுன்னு அர்த்தம், அண்ணே."

எக்ஸ்ரே எடுத்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மிஷின் பழுதாகி, அதன் உள்பாகம் ஒன்று ரிப்பேருக்கு எங்கேயோ போயிருந்தது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வண்டி எப்போது வரும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து நான் மதியச் சாப்பாட்டை விட்டேன். கடவுளிடம் ஒன்றைக் கேட்கும்போது நாமும் எதையாவது கொடுக்க வேண்டும் இல்லையா? டப்பாவைத் திறக்காமலேயே திருப்பிக் கொண்டுபோனேன். மனைவி மூடியைத் திறந்து பார்த்தாள்.

"என்னங்க, பிடிக்கலையா?"

"முதலாளிக்காக விரதம்."

"அப்போ நைட்டு மட்டும் ஏன் ரெண்டாவது தடவை போட்டுக்கிறீங்க?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு ஐந்தாம் வகுப்பில் பதில் சொல்லித் தரவில்லை.

காடை கொண்டுவந்து போடும் ஆள்மேல் சந்தேகம் வந்தது. டாக்டரம்மா அவரிடம் தீனியைப் பற்றி நாலு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். நான்தான் சும்மா இருக்காமல் அவரை வாசலில் மறித்து, "வாயில்லாத ஜீவன் வயித்துல அடிக்காதீங்கய்யா, மேல ஒருத்தன் பார்த்துக்கிட்டு இருக்கான்" என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அந்த மனிதர் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு கண் சிமிட்டாமல் கேட்டார். "நான் என்னய்யா பண்ணேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். குற்றமுள்ளவன் இப்படித்தான் கேட்பான் என்று எனக்குத் தோன்றியது.

மருந்து கூட்டிக் கொடுத்துவிட்டு, சில நாள் கழித்து டாக்டரம்மா மறுபடி அளக்கச் சொன்னார். மறுபடியும் மயக்கம், மறுபடியும் மேஜை. கண்மூடிக்குக் கீழே அவன் வாய் லேசாகத் திறந்து, நாக்கு நுனி வெளியே தெரிந்தது. சீறாத முதலாளியைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வீங்கின கையாயிற்றே, வலிக்குமே என்று டேப்பை மெத்தென்று வைத்து, பூவைத் தொடுவது போல அளந்தேன்.

அளவு முன்னைவிடக் கூடியிருந்தது.

டாக்டரம்மா கம்ப்யூட்டரை மூடினார். பிறகு காட்டிலாகாவுக்குப் போன் செய்து, காட்டுப்பூனை இந்த முறை வராது, அந்த இடத்தை நரிக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னார். நான் என் மூலைக்குப் போய் மிஷினில் உட்கார்ந்தேன். எதிரே மயக்கம் தெளிந்த முதலாளி பலகைமேல் ஏற முயன்று சறுக்கி, மறுபடி ஏறி, என்னைப் பார்த்து ஒரு சீறு சீறினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏறுகிற பிள்ளைதானே, கடவுளே, ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன்.

கடவுளும் என்னதான் செய்வார்?

அந்த வாரமே பெரியம்மாவுக்குப் பல்லில் சீழ். மயக்கம் கொடுத்துப் பல்லைப் பிடுங்கினார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே வருஷாந்தர அளவையும் எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. கூண்டுக்காரர் பெரியம்மாவின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து மணிக்கட்டையும் சொன்னேன்.

"மறுபடி சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

சொன்னேன்.

"பெரியம்மாவுக்கும் வீங்குதா?"

கூண்டுக்காரர் குனிந்து பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். "பல்லு போன வயசுல இப்பத்தான் கை வளருது போல. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துல சேர்த்துரலாம்மா."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வயசான பூனைக்கு இந்த நோய் இப்படி வராது. அண்ணே, இன்னொரு தடவை அளங்க. நான் பக்கத்துல நின்னு பார்க்கிறேன்."

அளந்தேன். அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, மூக்கு டேப்பில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

"அண்ணே. அது என்ன?"

"எதும்மா?"

"டேப்புக்கு அடியில."

"விரலும்மா."

"விரல்னு தெரியுது. அங்கே அது என்ன பண்ணுது?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. சுற்றளவு எடுத்தால் டேப்புக்குள் விரல் வைத்துத்தான் எடுக்க வேண்டும். கழுத்துக்கு இரண்டு விரல், கைப்பட்டிக்கு ஒரு விரல், குழந்தைகளுக்குச் சுண்டு விரல் நுனி. முதல்நாள் மிஷின் முன்னால் உட்கார்ந்ததிலிருந்து இப்படித்தான். கை தானாக உள்ளே போய்விடும். நான் போகச் சொல்வதும் இல்லை, போவது எனக்குத் தெரிவதும் இல்லை.

"சும்மா... கொஞ்சம் மூச்சு விட இடம்..." என்றேன்.

"மணிக்கட்டு மூச்சு விடுமா அண்ணே?"

கூண்டுக்காரர் பெரியம்மாவின் தலையை அப்படியே மேஜையில் மெதுவாக வைத்துவிட்டு, வெளியே போய், சுவரில் சாய்ந்து சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாயிற்று.

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "முதலாளிக்கு முதல் தடவை எந்த விரல்?"

"சின்னப் பிள்ளைதானே... சுண்டு விரல்."

"ரெண்டாவது தடவை?"

இப்போதுதான் எனக்கே தெரிந்தது. "வலிக்குமேன்னு... மோதிர விரல் போயிருக்கும்மா."

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பார்த்தால், சிரிப்பும் அழுகையும் கலந்து கண்ணாடியெல்லாம் ஆவி. "என்கிட்டயும் தப்பு இருக்குண்ணே. டேப்பை எப்படிப் பிடிக்கணும்னு உங்களுக்கு நான் சொல்லியே தரல. டெய்லருக்குப் போய் என்ன சொல்லித் தர்றதுன்னு விட்டுட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விரதம் இருந்தேன், வேண்டிக்கொண்டேன், நல்லவர் ஒருவருக்குப் பிரசங்கம் வேறு செய்தேன். அத்தனை நாளும் கடவுள் மேலேயிருந்து "விரலை எடுடா, விரலை எடுடா" என்று கத்தியிருப்பார். எனக்குத்தான் கேட்கவில்லை. மறுநாள் காடைக்காரரைத் தேடிப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாகச் சொன்னார்: "பரவாயில்லய்யா. பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு. வீட்டுல போய் என் மச்சானுக்குச் சொன்னேன், அவனுக்குத் தேவைப்பட்டுது."

ஆனால் அதெல்லாம் மறுநாள். அன்றைக்கு டாக்டரம்மா கண்ணைத் துடைத்ததும் முதலில் எடுத்தது போனைத்தான். வண்டி கிளம்ப இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

"சார், எங்க அளவுல ஒரு பிழை ஆயிடுச்சு. பூனை நல்லா இருக்கு. இடம் இருக்குமா?"

அந்தப் பக்கம் பேசிய காட்டிலாகா அதிகாரிக்கு வெண்கலக் குரல். போனை விட்டுத் தள்ளி நின்ற எனக்கே கேட்டது. "என்ன டாக்டர், அன்னிக்கு வீக்கம்னீங்க, இன்னிக்கு இல்லைங்கிறீங்க. யாரு அளந்தது?"

"நாங்கதான் சார்" என்றார் டாக்டரம்மா.

அந்த "நாங்க" என் நெஞ்சில் குத்தியது. என் தப்பை அவர் தலையில் ஏற்றிக்கொண்டு நிற்கிறாரே என்று தாங்காமல், போனுக்குப் பக்கத்தில் போய், "நான்தானுங்கய்யா அளந்தேன்!" என்று கத்தினேன்.

"யாரது?"

"டெய்லருங்க."

"டெய்லரா?"

"ஆமாங்கய்யா. விரலை உள்ள வைச்சுட்டேன். பூனை மேல ஒரு தப்பும் இல்லைங்க."

பிறகு, "டாக்டர், நரிக் கூண்டுக்குப் பக்கத்துல சின்னப் பெட்டி ஒண்ணு வைக்க இடம் இருக்கு. ஆனா அந்த டெய்லர் இல்லாம வேற யாராவது அளந்து எனக்கு அனுப்புங்க" என்று குரல் வந்தது.

கூண்டுக்காரருக்கு டாக்டரம்மா தன் பழைய கண்ணாடியைக் கொடுத்தார். அவர் அதை மூக்கில் மாட்டிக்கொண்டு, பெரிய ஆபரேஷன் செய்யப்போகிறவர் மாதிரி கையை மூன்று தடவை கழுவினார். முதலாளி மேஜைமேல். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அண்ணே, நீங்க இங்கயே நில்லுங்க. ஆனா கையைப் பின்னாடி கட்டிக்கோங்க."

கட்டிக்கொண்டேன். கூண்டுக்காரர் டேப்பைச் சுற்றி, ரோமத்தை அமுக்கி, எலும்போடு ஒட்டப் பிடித்தார். பார்க்க எனக்கு மூச்சு முட்டியது. பின்னால் என் விரல்கள் துடித்தன. அவர் அளவைப் படித்தார். எழுத்து மங்கல் என்று மறுபடி படித்தார். டாக்டரம்மா பழைய மாதத்து அளவைப் பார்த்தார்.

"துளி கூடக் கூடல. ரெண்டு கையும் ஒண்ணுபோல இருக்கு. நல்ல எலும்பு."

கூண்டுக்காரர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "டெய்லரே, கையை அவிழ்த்துக்கலாம்" என்றார். அவிழ்க்கவில்லை. கையைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு அழுதேன்.

வண்டி வந்த அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வழியில் பெட்டிமேல் போடும் துணி காற்றில் பறந்தால் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். கொஞ்சம் தளர்வாகத் தைத்திருந்ததால் அது நிஜமாகவே பறந்துகொண்டுதான் இருந்தது. காட்டு ஓரத்தில் வெண்கலக் குரல்காரர் நின்றிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, "அந்த டெய்லர்?" என்றார். "அதே டெய்லர்தானுங்க" என்றேன். கை கொடுத்தார். என் விரல்களை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

பெட்டியைப் புல்லோரமாக இறக்கி வைத்தார்கள். உள்ளே சத்தமே இல்லை. எல்லோரும் பின்னால் தள்ளி நின்றோம். கூண்டுக்காரர் கயிற்றைப் பிடித்திருந்தார், இழுத்தால் கதவு மேலே போகும். இத்தனை நாள் கேட்டது கிடைக்கப்போகிறது. கொடுக்கிறவனுக்கு நன்றி சொல்லாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பதா? கண்ணை மூடிக்கொண்டேன். கடவுளே, இவன் காலுக்கு பலம் கொடு, கண்ணுக்கு இரை காட்டு, மனிதர் வீட்டுப் பாலும் பிஸ்கட்டும் இவனுக்கு மறந்துபோகட்டும், என்னையும் மறந்துபோகட்டும். வேண்டிக்கொண்டே போனதில் பெரியம்மாவின் பல்வலி ஞாபகம் வந்தது, அதையும் சேர்த்தேன். காடைக்காரர், பிரசவத்துக்குப் போன பெண், அதன் குழந்தை, என்று ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். யாரையும் விட மனமில்லை.

கண்ணைத் திறந்தபோது பெட்டி காலியாக இருந்தது.

புல் கூட அசையவில்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கூண்டுக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பார்த்தியா டெய்லரே! என்னா பாய்ச்சல்! அந்தப் பள்ளத்தை ஒரே தாவு! பார்த்தியா இல்லையா?"

"ம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கும் அவன்மேல் பாசம் வந்துவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சொல்லுங்க. நல்லா ஓடுச்சா?"

"பிரமாதமா ஓடுச்சுன்னு கூண்டுக்காரர் சொன்னார்."

"அவர் சொன்னாரா? நீங்க எங்கே போயிருந்தீங்க?"

"அங்கேயேதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தேன்.